கௌரவம் குறையாமல் ஊர் ஆதரவு திரட்டுவது எப்படி?

வாழ்த்துகள். உங்கள் ஊர் முதியோர் இல்லத்தின் நிர்வாகக் குழுவில் நீங்களும் ஓர் உறுப்பினர் ஆகிவிட்டீர்கள். எப்படி ஆனீர்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். காலை நடைப்பயிற்சியில் கூட வரும் நண்பர் ஒருநாள், “சும்மா பேரு மட்டும் போட்டுக்கிறோம் சார், உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது” என்றார். நீங்களும் ஆதார் நகலைக் கொடுத்தீர்கள். அந்த வாக்குறுதியை இல்லம் மீறிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இனி உங்கள் தலையாய கடமை.

சட்டம் உங்களுக்குத் துணை நிற்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி சங்கம் தொடங்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. முடிந்தால் என்ன, மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம். கை தூக்க அதே ஏழு பேர் இருக்கிறார்கள். உறுப்பினர் வெயிலில் இறங்கி நாலு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை.

ஒரே ஒரு சங்கடம் உண்டு. இல்லம் நடக்க ஊர் வேண்டியிருக்கிறது. “நிர்வாகக் குழுவினர்தான் ஊருக்கும் இல்லத்துக்கும் பாலமாக இருக்க வேண்டும்” என்று யாராவது ஒரு பயிற்சி முகாமில் பேசிவிட்டுப் போயிருப்பார்கள். பயப்படாதீர்கள். நாற்காலியை விட்டு எழாமலே பாலமாக இருந்த பெரியவர்கள் பலர் உண்டு. அவர்கள் கடைப்பிடித்த வழிகளே கீழே தரப்பட்டுள்ளன.

1. லெட்டர்பேடில் தொடங்குங்கள்

முதல் செலவு இதுவாகத்தான் இருக்க வேண்டும். தாளின் இடது ஓரம் முழுக்கப் பெயர்கள் வர வேண்டும்: நிறுவனத் தலைவர், கௌரவத் தலைவர், செயல் தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், சட்ட ஆலோசகர். கடிதம் எழுத வலது பக்கம் நாலு விரல் அகலம் மிஞ்சினால் போதும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் பட்டம், ஓய்வு பெற்ற பதவி, ரோட்டரியில் வகித்த பொறுப்பு எல்லாம் இருக்கட்டும். இல்லத்தின் தொலைபேசி எண்ணை அடியில் சிறிய எழுத்தில் போடலாம். அது மாறிப்போன எண்ணாக இருந்தால் இன்னும் வசதி.

2. ஊர் என்றால் யார் என்று தெளிவாக இருங்கள்

ஊர் என்றால் ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், சட்டமன்ற உறுப்பினர், ஜவுளிக்கடை முதலாளி, வங்கி முதன்மை மேலாளர். இவர்களோடு நின்று எடுத்த படங்கள் அலுவலக அறையில் மாட்டப்பட்டிருந்தால் சமூகத் தொடர்பு முடிந்தது.

இந்தப் பட்டியலில் சேராத சிலர் இருக்கிறார்கள். பேருந்து நிலையத்தில் ஒரு பாட்டி இரண்டு நாளாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதை முதலில் கவனிப்பவர் அங்கே பூக்கட்டி விற்கும் பெண். இரவு பதினொரு மணிக்கு அந்தப் பாட்டியை இல்லத்து வாசலுக்குக் கூட்டிவருபவர் ஆட்டோக்காரர், இல்லாவிட்டால் ரோந்துக் காவலர். அரசு மருத்துவமனையில் அழைத்துப் போக ஆளில்லாமல் கிடக்கும் தாத்தாவைப் பற்றிப் போன் செய்பவர் வார்டு செவிலியர். பக்கத்துத் தெருக்காரர்கள் மாத்திரை வாங்கித் தருகிறார்கள். பின்சுவர் ஓரம் குப்பை கொட்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இல்லம் எங்கே இருக்கிறது, உள்ளே எத்தனை கட்டில் காலி என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துபடி. உங்களை மட்டும் இவர்களுக்குத் தெரியாது. அது அப்படியே இருக்கட்டும். தெரிந்துவிட்டால் டீக்கடையில் நிறுத்தி ஏதாவது கேட்பார்கள். பதில் சொல்ல நீங்கள் இல்லத்துக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

3. எக்காரணம் கொண்டும் வாய் விட்டுக் கேட்காதீர்கள்

நன்கொடை கேட்பது வேறு, நன்கொடை கேட்கப் போவது வேறு. இரண்டாவதில் கௌரவம் கெடாது. முறையாகக் கேட்கப் போவது எப்படி என்பதற்கு இதோ ஓர் உதாரணம்.

அரிசி மண்டிக்குப் போகிறீர்கள். முதலாளி எழுந்து, “வாங்க சார், வாங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார். “என்ன அண்ணாச்சி, யாவாரம் எப்படி?” என்கிறீர்கள். பொன்னி விலை, ஜி.எஸ்.டி., லாரி வாடகை, மகள் கல்யாணம் எல்லாம் பேசியாகிறது. டீ வருகிறது, கூடவே கடலை மிட்டாயும். பையில் இருக்கும் நன்கொடைப் புத்தகத்தை இரண்டு முறை தொட்டுப் பார்க்கிறீர்கள். கடைசியில் தொண்டையைக் கனைத்து, “அப்புறம்… நம்ம ஹோமையும் கொஞ்சம் பாத்துக்கோங்க” என்கிறீர்கள்.

“அதுக்கென்ன சார், கண்டிப்பா. என்ன செய்யணும்னு சொல்லுங்க.”

இங்கேதான் புதியவர்கள் வழுக்கி விழுவார்கள். “மாசம் ரெண்டு மூட்டை அரிசி வேணும் அண்ணாச்சி, ஒரு வருசத்துக்கு” என்று பட்டென்று உடைத்துவிடுவார்கள். அவரும் சரி என்று சொல்லித் தொலைத்துவிடுவார். அனுபவசாலியோ, “உங்களுக்குத் தெரியாததா, நீங்களா பாத்துச் செய்யுங்க” என்று எழுந்துகொள்வார். அண்ணாச்சி பாதி நிம்மதியும் பாதிக் குழப்பமுமாக வாசல் வரை வந்து வழியனுப்புவார். அடுத்த கூட்டத்தில், “மண்டிக்காரரைப் பார்த்தேன், பாஸிட்டிவாத்தான் இருக்கார்” என்று நீங்கள் அறிக்கை தரலாம். நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் ஏறிவிடும்.

கேட்டுக் கெட்டவர்கள் கதையும் நாட்டில் உண்டு. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலையை அந்தக் காலத்தில் பிடி அரிசிப் பள்ளிக்கூடம் என்பார்கள். வீடு வீடாகப் பெண்கள் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைப்பார்கள். அதைச் சேகரித்து விற்றுப் பள்ளிக்கூடம் நடந்தது. விளைவைப் பாருங்கள். அடுப்பு மூட்டும் ஒவ்வொரு வேளையும் ஊர்ப் பெண்களுக்குப் பள்ளிக்கூடத்தின் நினைவு வந்துவிட்டது. அது எங்கள் பள்ளிக்கூடம் என்று உரிமை கொண்டாடும் நிலைமைக்கு ஊர் போய்விட்டது. உங்கள் இல்லத்துக்கு இப்படி ஒரு நிலைமை வர விடலாமா?

4. விழா எடுங்கள்

ஆண்டு விழா இல்லாத இல்லம் ஊரோடு தொடர்பில்லாத இல்லம். ஏற்பாடுகளில் எழுபது சதவீத நேரத்தை அழைப்பிதழில் பெயர் வரிசைக்கு ஒதுக்குங்கள். யார் தலைமை, யார் முன்னிலை, யார் வாழ்த்துரை என்பதில் இரண்டு பேராவது கோபித்துக்கொண்டு விழாவுக்கு வராமல் இருக்க வேண்டும். அப்போதுதான் வரிசை சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள்.

ஐந்து மணி விழாவுக்குப் பெரியவர்களை நாலு மணிக்கே முன்வரிசையில் உட்கார வைத்துவிடுங்கள். சிறப்பு விருந்தினர் ஏழேகாலுக்கு வருவார். நடுவில் யாருக்காவது கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தால் ஆயா பார்த்துக்கொள்வார். பிறகு பொன்னாடைகள். மேடையில் இருப்பவர்கள் மேடையில் இருப்பவர்களுக்குப் போர்த்தி முடிக்கவே அரை மணி நேரம் ஆகும். கீழே மார்கழிப் பனியில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு ஒன்று போர்த்தலாமே என்று யாருக்காவது தோன்றினால், அவரை அடுத்த ஆண்டு வரவேற்புக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

காந்தி 1934-இல் ஹரிஜன நிதிக்காகத் தமிழ்நாட்டில் சுற்றினார். கூட்டங்களில் தமக்குக் கொடுக்கப்பட்ட வரவேற்புப் பத்திரத்தையும் பரிசுகளையும் மேடையிலேயே ஏலம் போட்டுக் காசாக்குவது அவர் வழக்கம். உங்கள் விழா மேடையில் அப்படி யாரும் தொடங்கினால் ஒலிபெருக்கிக்காரருக்குக் கண் காட்டவும்.

5. நன்கொடையாளர் விருப்பமே நம் விருப்பம்

கூடத்துக் கரும்பலகையில் இன்றைய மதிய உணவு யார் உபயம் என்று எழுதியிருக்கும். பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி. நல்ல மனசுக்காரர்கள். அவர்களிடம், “வேறு என்ன வேண்டும்?” என்று கேட்க வாய்ப்பே தராதீர்கள்.

தீபாவளி அன்று மூன்று குழுக்கள் வரும். காலையில் லட்டு, பதினொரு மணிக்கு மைசூர்பாகு, மதியம் சர்க்கரைப் பொங்கலோடு சாப்பாடு. உள்ளே பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய். மறுநாள் ரசத்துக்குத் தக்காளி இருக்காது. அக்டோபர் 1, உலக முதியோர் தினத்தன்று மூன்று கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் வந்து ஒரே பாட்டியை மூன்று முறை பாட வைத்துவிட்டுப் போவார்கள். அக்டோபர் 2 தொடங்கி அடுத்த பண்டிகை வரை அமைதி.

மேலாளர் அம்மா ஒருநாள் கூட்டத்தில் தயங்கித் தயங்கி எழுந்திருப்பார். “சார், சாப்பாட்டுக்கு ஆள் இருக்கு. டயப்பருக்குத்தான் சார் ஆளே இல்ல. படுக்கையில ஒன்பது பேர் இருக்காங்க. ராத்திரி டியூட்டிக்கு இன்னொரு ஆயா போடணும். கரண்ட் பில்லும் ரெண்டு தவணை…”

அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள். “அம்மா, சாப்பாடுன்னா பக்கத்துல நின்னு பரிமாறுறாப்ல போட்டோ எடுத்துக்கலாம். டயப்பர்ல எங்க நின்னு எடுக்கிறது?” குழுவில் எல்லோரும் சிரிப்பார்கள். மேலாளர் அம்மா உட்கார்ந்துவிடுவார்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அப்பா திதிக்குச் சாப்பாடு போட வந்தவரிடம், “உங்க அப்பா கடைசிக் காலத்துல படுக்கையில இருந்தாரா சார்?” என்று கேட்டுவிடக் கூடாது. ஆமாம் என்பார். அப்போது பட்ட பாட்டைச் சொல்வார். பிறகு டயப்பருக்கும் ஆயா சம்பளத்துக்கும் அவரே மாதாமாதம் பணம் போட ஆரம்பித்துவிடுவார். கரும்பலகையில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

6. ஊருக்கு வேலை கொடுக்காதீர்கள்

பணம் இல்லாதவர்களும் உதவி செய்ய வருவார்கள். ஓய்வு பெற்ற செவிலியர் வாரம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்கிறேன் என்பார். சலூன்காரர் கடைக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமை வந்து தாத்தாக்களுக்குச் சவரம் செய்கிறேன் என்பார். ஐ.டி.ஐ. மாணவர்கள் சுற்றாத மின்விசிறிகளைக் கழற்றிப் பார்க்கிறோம் என்பார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: “ரொம்ப சந்தோசம். கமிட்டியில வச்சுச் சொல்லி அனுப்புறோம்.” சொல்லி அனுப்பாதீர்கள்.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி இந்த விஷயத்தில் கோட்டை விட்டார். 1976-இல் பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் கண் முகாம்களை உள்ளூர்க்காரர்கள் பொறுப்பில் விட்டார்கள். இடம் பிடிப்பது, ஊர் ஊராக அறிவிப்பது, வந்தவர்களை வரிசைப்படுத்துவது எல்லாம் அந்தந்த ஊர் அரிமா சங்கம், ரோட்டரி, பள்ளிக்கூடம், கோயில் அமைப்பு போன்றவற்றின் வேலை. மருத்துவர் குழு வந்து கண் பார்க்கும். முகாம் ஊருடையது ஆகிவிட்டது. மருத்துவமனை உலகம் முழுக்கப் பேசப்படும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. பதினொரு படுக்கையிலேயே நிம்மதியாக இருந்திருக்கலாம்.

7. பக்கத்து மில்லை விட்டு மும்பைக்கு எழுதுங்கள்

குழுவில் எப்போதும் ஒருவர், “சி.எஸ்.ஆர். ஃபண்டுக்கு டிரை பண்ணலாமே” என்பார். அருமையான யோசனை. இதனால் குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஊர்ப்பக்கம் திரும்பாமல் இருக்கலாம்.

நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 135ஆம் பிரிவு சொல்வது இது: நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். முதியோர் இல்லமும் அந்தப் பணிகளின் பட்டியலில் இருக்கிறது. தான் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே உங்கள் ஊரோடு ஒட்டும் உறவும் இல்லாத மும்பை நிறுவனமாகப் பார்த்து எழுதுங்கள். முப்பது பக்கத் திட்ட அறிக்கை, வழவழ தாள், நடுவில் இல்லத்துப் பாட்டியின் கண்ணீர்ப் படம். பதில் வராது. வராத பதிலுக்காகக் காத்திருப்பதை மூன்று கூட்டங்களில் விவாதிக்கலாம்.

புறவழிச் சாலையில் இருக்கும் நூற்பு மில்லுக்கு அந்தச் சட்ட வரம்பு பொருந்தாமல் இருக்கலாம். ஆனால் அங்கே ஷிப்ட் பார்க்கும் ஒருவரின் அம்மாவே உங்கள் இல்லத்தில் இருக்கலாம். மில் கேண்டீனில் தினம் மிஞ்சுவதும், பழைய ஜெனரேட்டர் சும்மா கிடப்பதும், வாட்ச்மேனைக் கேட்டால் தெரியும். வாட்ச்மேனைப் போய் எப்படிக் கேட்பது?

8. கணக்கை யாருக்கும் காட்டாதீர்கள்

ரசீது கேட்டால், “நம்பிக்கை இல்லையா?” என்று மனம் நோகுங்கள். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கேட்பவர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடைக்காது என்பதை, அவர் ஐயாயிரத்தை எண்ணிக் கொடுத்து முடித்த பிறகு சொல்லுங்கள். பான் எண்ணை மார்ச் மாதம் போன் செய்து கேட்டுக்கொள்ளலாம். வரவு செலவைத் தணிக்கையாளரும் பதிவாளரும் பார்த்தால் போதும். வாசல் பலகையில் ஒட்டுவது இல்லத்து அழகைக் கெடுக்கும்.

நம் ஊர் மக்களுக்குக் கணக்கு விஷயத்தில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். யார், எந்த ஊர், எவ்வளவு என்று வரி வரியாக நோட்டில் ஏறும். எந்த வீட்டுக்கு எப்போது எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பது படிக்காத ஆத்தாவுக்கும் மனப்பாடம். எழுதி வைத்துத் திருப்பிச் செய்கிறார்கள் என்ற தைரியத்தில்தான் ஊர் கை நீட்டிக் கொடுக்கிறது. இல்லம் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. உங்கள் காசில் இன்னது நடந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதையே மொய் திரும்பியதாக எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு வார்த்தையை அடக்கி வைப்பதில்தான் நிர்வாகத் திறமை இருக்கிறது.

9. ஆபத்துக் காலம்: ஊர் உண்மையிலேயே ஆதரவு தந்துவிட்டால்

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் சில சமயம் விபத்து நேர்ந்துவிடும். குழுவில் புதிதாகச் சேர்ந்த பள்ளி ஆசிரியை ஒருவர் இந்தக் கையேட்டைப் படிக்காமல் சனிக்கிழமை தோறும் இரண்டு தெரு நடந்துவிடுவார். என்ன வேண்டும், எவ்வளவு ஆகும், எத்தனை மாதம் என்று துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டுவிடுவார். அடுத்த மாதம் அதே வீட்டுக்குப் போய், “நீங்க கொடுத்ததுல ராத்திரி ஆயா போட்டாச்சு” என்று சொல்லிவிட்டு, காசு கேட்காமலே திரும்பிவருவார். அதற்குப் பிறகு நிலைமை கை மீறிவிடும்.

பூக்காரப் பெண் மாதம் ஐம்பது ரூபாய் தருவார். சலூன்காரர் செவ்வாய்க்கிழமை வந்து நிற்பார். மண்டி அண்ணாச்சி, “இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல சார்” என்று இரண்டு மூட்டையை இறக்குவார். நகராட்சி உங்கள் தெருவில் தண்ணீர் விடாவிட்டால் நீங்கள் மனு எழுதுவதற்குள் தெருவே போய் நின்றுவிடும். இவர்களில் சிலர் சந்தா கட்டி உறுப்பினராகவும் சேர்ந்துவிடுவார்கள்.

பொதுக்குழு நாளன்று வழக்கமான ஏழு நாற்காலி போதாமல் பக்கத்துப் பந்தல்காரரிடம் நாற்காலி எடுக்க வேண்டி வரும். தலைவர் “தீர்மானம் ஏகமனதாக…” என்று தொடங்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல், “கொஞ்சம் நிறுத்துங்க சார், போன மாசம் டயப்பர் என்ன விலைக்கு வாங்குனீங்க?” என்று கேட்கும். விலையோடு பதில் சொல்லத் தெரிந்தவர்களைத்தான் அடுத்த மூன்று ஆண்டுக்குக் குழுவில் போடுவார்கள்.

அந்த நிலை வந்துவிட்டால் இந்தக் கையேட்டால் பயனில்லை. கொண்டுவந்த பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பக்கத்து ஊரில் ஒரு நூலகத்துக்கு நிர்வாகக் குழு அமைக்கிறார்களாம். சும்மா பேரு மட்டும் போட்டுக்கொள்ள ஆள் தேடுகிறார்கள்.